டேஷ் டேஷ் டீபக்: உங்க நிரல் எவ்வளவு பேசணும்னு யார் முடிவு செய்வது?



ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் லேபில் அருமையாக ஓடும். ரிவ்யூவிலும் ஓடும். அதைக் கொண்டுபோய் நிஜமான ஒரு இடத்தில் மாட்டிய பிறகுதான் சோதனை ஆரம்பிக்கும். நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் மாம்பழக் கூழுக்குப் பேர் போனது. வேப்பனப்பள்ளி பக்கம் ஒரு சின்ன கூழ் யூனிட் இருக்கிறது என்று ஒரு உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். உறைய வைத்த கூழை மைனஸ் 18 டிகிரியில் வைக்கும் குளிர் அறை. அதில் எட்டு டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார், ஒரு ராஸ்பெரி பை, நீங்கள் எழுதிய பைத்தான் நிரல். மாட்டிவிட்டு ஹாஸ்டலுக்கு வந்துவிட்டீர்கள்.

ஒரு வாரம் கழித்து போன் வருகிறது. "தம்பி, நேத்து ராத்திரி ரெண்டு மணிக்கு ஃப்ரீசர்ல 85 டிகிரின்னு காட்டியிருக்கு. கூழ் கெட்டுப்போச்சா, இல்ல உங்க மெஷின் கெட்டுப்போச்சா?"

நியாயமான கேள்வி. அறைக்குள் இருப்பது ஒரு சீசனின் சரக்கு. உங்களிடம் பதில் இருக்கிறதா என்பது, நிரலில் லாகிங்கை எப்படி அமைத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். குறிப்பாக, நிரலைத் திறந்து ஒரு வரிகூட மாற்றாமல், அதை ஓட்டும்போது கொடுக்கும் கட்டளை வரி ஆப்ஷன் மூலமாகவே லாகின் விவரத்தை எப்படிக் கூட்டுவது, குறைப்பது என்று பார்ப்போம்.

(ஒரு சின்ன குறிப்பு: கட்டளைகளையும் இங்கே தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறோம். டெர்மினலில் அடிக்கும்போது அதே உச்சரிப்புக்கான ஆங்கில எழுத்துகளில் அடியுங்கள்.)

பிரிண்ட் போட்டா போதாதா?

நம்மில் பலர் செய்வது இதுதான்: சந்தேகம் வருகிற இடத்தில் எல்லாம் ஒரு பிரிண்ட். வேலை முடிந்ததும் அவற்றை கமென்ட் பண்ணிவிடுவது. மறுபடி பிரச்சினை வந்தால் கமென்ட்டை எடுப்பது. லேப்டாப் மடியில் இருக்கும்வரை இது சரி. நிரல் வேப்பனப்பள்ளியிலும் நீங்கள் ஹாஸ்டலிலும் இருந்தால்? ஒரு கமென்ட்டை எடுக்க பஸ் ஏற வேண்டியதுதான்.

இன்னொரு சிக்கல், பலருக்குத் தெரியாதது. பைத்தானில் பிரிண்ட்டின் வெளியீடு டெர்மினலுக்குப் போகாமல் ஒரு ஃபைலுக்கோ பைப்புக்கோ போனால், அது வரி வரியாக உடனே எழுதப்படாது. நினைவகத்தில் சேர்த்து வைத்து மொத்தமாகத்தான் எழுதும். நடுவில் கரண்ட் போனால் கடைசி சில வரிகள் போயே போச்சு. நமக்கு வேண்டியதோ அந்தக் கடைசி வரிகள்தான்.

பைத்தானோடு கூடவே வரும் லாகிங் மாட்யூல் இதற்காகவே இருக்கிறது. 2003-ல் வெளிவந்த பைத்தான் 2.3-லிருந்து இருக்கிறது, எழுதியவர் வினய் சாஜிப். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு தரம் கொடுக்கலாம்: டீபக் 10, இன்ஃபோ 20, வார்னிங் 30, எரர் 40, கிரிட்டிக்கல் 50. இந்த யோசனை அதற்கும் பழையது. 1980-களில் பெர்க்லியில் சென்ட்மெயில் மென்பொருளுக்காக எரிக் ஆல்மன் உருவாக்கிய சிஸ்லாக், 0 முதல் 7 வரை எட்டுத் தரம் வைத்திருந்தது. இன்றும் லினக்ஸில் அதே எட்டுதான்.

தரம் என்பதை வாசல்படி உயரம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். வாசலை 30-ல் வைத்தால் 30-ம் அதற்கு மேலும் உள்ளவை மட்டும் உள்ளே வரும். 10-ல் வைத்தால் எல்லாம் வரும். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் பைத்தான் வைக்கும் வாசல் 30, அதாவது வார்னிங். "இன்ஃபோ எழுதினேன், எதுவுமே வரலையே" என்று குழம்புகிறவர்களுக்கு இதுதான் காரணம்.

சரி, இந்த வாசல் உயரத்தை யார் முடிவு செய்வது? நிரலுக்குள்ளேயே டீபக் என்று எழுதிவைத்தால், முடிவு செய்தது எழுதியவர். ஆனால் எப்போது எவ்வளவு விவரம் வேண்டும் என்பது எழுதும்போது தெரியாது, ஓட்டும்போதுதான் தெரியும். அதனால் அந்த முடிவை ஓட்டுகிறவர் கையில் கொடுத்துவிடுவோம்.

ஆப்ஷன் வைப்பது எப்படி?

வேலை ரொம்பச் சின்னது. பைத்தானின் ஆர்க்பார்ஸ் மாட்யூலை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. --லாக்-லெவல் என்று ஒரு ஆர்கியுமென்ட் சேருங்கள். டீஃபால்ட் மதிப்பு இன்ஃபோ.

2. சாய்ஸஸ் என்ற இடத்தில் ஐந்து தரங்களின் பெயரையும் பெரிய எழுத்தில் கொடுங்கள். யாராவது தப்பாக அடித்தால், எது எது செல்லும் என்று ஆர்க்பார்ஸே சொல்லிவிடும்.

3. டைப் என்ற இடத்தில் எஸ்டிஆர்.அப்பர் கொடுங்கள். சின்ன எழுத்தில் அடித்தாலும் பெரிய எழுத்தாக மாற்றிக்கொள்ளும்.

4. ஆர்கியுமென்ட்டைப் படித்த உடனே, வேறு எந்த வேலையும் தொடங்கும் முன், லாகிங்.பேசிக்கான்ஃபிக்-ஐக் கூப்பிட்டு அந்த மதிப்பை லெவலாகக் கொடுங்கள். வடிவத்தில் நேரம், தரம், மாட்யூல் பெயர், செய்தி நான்கும் இருக்கட்டும்.

"உடனே" என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ரூட் லாகருக்கு ஏற்கனவே ஒரு ஹேண்ட்லர் இருந்தால் பேசிக்கான்ஃபிக் சத்தமே இல்லாமல் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடும். வேறு ஏதாவது லைப்ரரி முந்திக்கொண்டால் உங்கள் ஆப்ஷன் வேலை செய்யாது, எரரும் வராது. பைத்தான் 3.8 முதல் ஃபோர்ஸ்=ட்ரூ என்று கொடுத்து இதைச் சரிசெய்யலாம்.

இனிமேல் சாதாரணமாக ஓட்ட: பைத்தான்3 குளிர்.பை

பிரச்சினை வந்தால்: பைத்தான்3 குளிர்.பை --லாக்-லெவல் டீபக்

அவ்வளவுதான். ஆனால் வெளியீட்டை ஃபைலுக்குத் திருப்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். லாகிங் எழுதுவது ஸ்டாண்டர்ட் எரருக்கு, ஸ்டாண்டர்ட் அவுட்புட்டுக்கு இல்லை. வெறும் > குறி போட்டால் ஃபைல் காலியாக இருக்கும். 2> என்று போட வேண்டும்.

இப்போது அந்த 85 டிகிரிக்கு வருவோம்

இன்ஃபோ தரத்தில் உங்கள் லாகில் இருந்திருக்கக்கூடியது: "சென்சார் 3: 85.0". இதைப் பார்த்து யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. டீபக் தரத்தில், சென்சாரிலிருந்து வந்த மூல வரியை அப்படியே எழுதும்படி வைத்திருந்தால், சிஆர்சி பக்கத்தில் யெஸ், அடுத்த வரியில் டி=85000 என்று தெரியும். சிஆர்சி சரி என்றால் ஒயரில் தகவல் கெட்டுப்போகவில்லை. சென்சார் அனுப்பியதே 85-தான்.

டிஎஸ்18பி20-க்கு கரண்ட் வந்ததும் அதன் நினைவகத்தில் தானாக உட்காரும் ஆரம்ப மதிப்பு 85 டிகிரி. வெப்பநிலையை அளந்து முடிக்கும் முன் படித்தால் அதுதான் வரும். அதாவது சென்சார் நடுவில் ஒரு கணம் கரண்ட் இழந்து மறுபடி எழுந்திருக்கிறது. முந்தைய வரி மைனஸ் 18.2, அடுத்த வரி மைனஸ் 18.1 என்று இருந்தால் கூழுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். பார்க்க வேண்டியது ஒயரின் நீளம், கனெக்டர், புல்-அப் ரெசிஸ்டர், பவர் சப்ளை.

மூல வரியை எழுதும் அந்த ஒற்றை டீபக் கட்டளை உங்கள் நிரலில் ஏற்கனவே இருந்திருக்க வேண்டும். ஆப்ஷன் என்பது வாசலைத் தாழ்த்துவதுதான். வாசலில் யாருமே நிற்கவில்லை என்றால் திறந்தும் பயனில்லை. அதனால் நிரல் எழுதும்போதே, வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு தகவலையும் மாற்றுவதற்கு முன் ஒரு டீபக் வரியாக எழுதிவிடுங்கள்.

அப்ப எப்பவும் டீபக்லயே ஓட்டினா என்ன?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லாக் வரி சராசரியாக 200 பைட். எட்டு சென்சாரும் சேர்ந்து டீபக்கில் நொடிக்கு 10 வரி எழுதுவதாக வைத்தால் நொடிக்கு 2,000 பைட். ஒரு நாளைக்கு 86,400 நொடி, ஆக 17.28 கோடி பைட், சுமார் 173 எம்பி. எஸ்டி கார்டில் 10 ஜிபி காலி இருந்தால் 58 நாளில் நிரம்பிவிடும். மாம்பழ சீசன் முடிவதற்குள் பையில் இடம் இருக்காது. இன்ஃபோவில் நிமிடத்துக்கு ஒரு வரி என்றால் ஒரு நாளைக்கு வெறும் 288 கேபி. அறுநூறு மடங்கு வித்தியாசம்!

எந்தத் தரமாக இருந்தாலும் ரொட்டேட்டிங்ஃபைல்ஹேண்ட்லர் பயன்படுத்துவது நல்லது. மேக்ஸ்பைட்ஸ், பேக்கப்கவுன்ட் இரண்டையும் கொடுத்தால் பழைய ஃபைல்களைத் தானே கழித்துவிடும். இந்த அளவுகளையும் --லாக்-ஃபைல், --லாக்-அளவு போன்ற ஆப்ஷன்களாக வைக்கலாம்.

இடத்தைவிடப் பெரிய ஆபத்து ரகசியம். நம்மில் நிறைய பேர் திங்ஸ்பீக்குக்கு டேட்டா அனுப்புகிறோம். ஏபிஐ கீயை யூஆர்எல்லிலேயே சேர்த்து ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி மூலம் அனுப்புவது வழக்கம். ரூட் லாகரை டீபக்கில் வைத்தால், ரிக்வெஸ்ட்ஸுக்கு அடியில் ஓடும் யூஆர்எல்லிப்3 தான் கூப்பிடும் ஒவ்வொரு பாதையையும் லாகில் எழுதும், கேள்விக்குறிக்குப் பிறகு உள்ளதையும் சேர்த்து. உங்கள் கீ முழுசாக லாகில் உட்கார்ந்திருக்கும். அந்த லாகை உதவிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் கீயையும் சேர்த்துப் போட்டதாக அர்த்தம்.

இது மாணவர்களுக்கு மட்டும் வருகிற பிரச்சினை இல்லை. 2018 மே மாதம் ட்விட்டர் நிறுவனம், ஒரு பிழையால் பாஸ்வேர்டுகள் மறைக்கப்படாமல் உள் லாகில் எழுதப்பட்டுவிட்டன என்று அறிவித்து, 33 கோடிக்கும் மேற்பட்ட தன் பயனர்களை பாஸ்வேர்டை மாற்றுவது பற்றி யோசிக்கச் சொன்னது.

தீர்வு: எல்லோருடைய வாசலையும் திறக்காமல் உங்கள் நிரலின் வாசலை மட்டும் திறப்பது. ரூட் லாகர் வார்னிங்கிலேயே இருக்கட்டும். உங்கள் மாட்யூல்களுக்கு "குளிர்" என்று ஒரு தாய் லாகர் வைத்து, ஆப்ஷனில் வரும் தரத்தை அதற்கு மட்டும் கொடுங்கள். "குளிர்.சென்சார்", "குளிர்.அனுப்பு" எல்லாம் அதன் பிள்ளைகள், தாய்க்குச் சொன்னால் பிள்ளைகளுக்கும் செல்லும். ஜாவாவில் ஸ்ப்ரிங் பூட் பயன்படுத்துகிறவர்களுக்கு இது தயாராகவே இருக்கிறது: --லாகிங்.லெவல் என்பதற்குப் பின் புள்ளி வைத்து பேக்கேஜ் பெயர், சமக்குறி, டீபக். வெறும் --டீபக் என்று கொடுத்தால் ஸ்ப்ரிங் பூட்டின் சில மையப் பகுதிகள் மட்டும்தான் கூடுதலாகப் பேசும், உங்கள் நிரல் பேசாது. இதில் பலர் ஏமாறுகிறார்கள்.

இன்னொன்று: பாஸ்வேர்டையோ கீயையோ கட்டளை வரி ஆப்ஷனாகக் கொடுக்காதீர்கள். அதே கருவியில் பிஎஸ் கட்டளை அடிக்கிற யாருக்கும் அது தெரியும்.

ஆப்ஷன் ஏன், கான்ஃபிக் ஃபைல் ஏன் இல்லை?

கான்ஃபிக் ஃபைலில் டீபக் என்று மாற்றினால், அதை மறுபடி மாற்ற ஒருவர் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். பிரச்சினை தீர்ந்த சந்தோஷத்தில் அதை யார் ஞாபகம் வைப்பார்? கட்டளை வரியில் கையால் அடித்த ஆப்ஷனோ அந்த ஒரு ஓட்டத்துக்கு மட்டும்தான் உயிர். நிரல் நின்றால் அதுவும் போய்விடும். அடுத்த முறை பழைய நிலையிலேயே தொடங்கும்.

உபுண்டு போட்டவர்கள் இதை வேறு இடத்தில் பார்த்திருப்பீர்கள். லினக்ஸ் கர்னலுக்கும் கட்டளை வரி உண்டு. அதில் உள்ள 'கொயட்' என்ற சொல்தான் பூட் ஆகும்போது வரும் செய்திகளை அடக்கி வைக்கிறது. பூட் ஆகாமல் நின்றால் க்ரப் மெனுவில் 'இ' அழுத்தி அந்தச் சொல்லை அழித்துவிட்டு ஓட்டுவோம். அந்த ஒரு பூட்டுக்கு மட்டும் எல்லாம் தெரியும். எஸ்எஸ்எச் கட்டளையில் -வி, -விவி, -விவிவி என்று கூட்டிக்கொண்டே போவதும் இதே யோசனைதான்.

சிஸ்டம்டி சர்வீஸாக ஓடும் நிரலுக்கு ஒரு எச்சரிக்கை. சர்வீஸ் ஃபைலின் எக்ஸெக்ஸ்டார்ட் வரியில் டீபக்கை எழுதினால் அது நிரந்தரமாகிவிடும். கரண்ட் போய் வந்தாலும் டீபக்கிலேயே எழும். அதனால் சர்வீஸை நிறுத்தி, கையால் ஆப்ஷன் கொடுத்து ஓட்டிப் பார்த்து, பிறகு சர்வீஸை மறுபடி தொடங்குங்கள்.

மூன்றையும் சேர்த்து வைப்பதும் நடைமுறைதான். அப்போது கட்டளை வரி சொல்வதே முதலில் செல்லும். அதில் இல்லாவிட்டால் சூழல் மாறி. அதுவும் இல்லாவிட்டால் கான்ஃபிக் ஃபைல். கடைசியில் நிரலுக்குள் உள்ள டீஃபால்ட். தொடங்கியதும் "லாக் தரம்: டீபக், கட்டளை வரியிலிருந்து" என்று முதல் வரியாக எழுதிவிட்டால் குழப்பமே இருக்காது.

ஆப்ஷனுக்கும் எல்லை உண்டு

நிரலை நிறுத்தித் தொடங்கினால்தான் ஆப்ஷன் செல்லும். பத்து நாள் ஓடிய பிறகு மட்டும் தலைகாட்டும் பிழை, ரீஸ்டார்ட் செய்ததும் மறைந்துவிடும். அதற்கு லினக்ஸில் சிக்யூஎஸ்ஆர்1 சிக்னலைப் பிடித்து, அது வந்தால் தரத்தை டீபக்குக்கும் இன்ஃபோவுக்கும் மாற்றி மாற்றி வைக்கும்படி ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதலாம். பிறகு கில் -யூஎஸ்ஆர்1 என்று பிராசஸ் எண்ணோடு அடித்தால் நிரல் நிற்காமலேயே பேச ஆரம்பிக்கும்.

ஆப்ஷன் நிரந்தர மருந்தும் இல்லை. 2021 டிசம்பரில் லாக்4ஜே 2-ல் லாக்4ஷெல் என்ற ஓட்டை வெளியானபோது, லாகில் எழுதப்படும் ஒரு செய்தி மூலமாகவே வெளியாள் சர்வருக்குள் தன் நிரலை ஓட்ட முடிந்தது. அவசரத்துக்குப் பலர் செய்தது, ஜாவாவைத் தொடங்கும்போது -டி போட்டு லாக்4ஜே2.ஃபார்மேட்எம்எஸ்ஜிநோலுக்கப்ஸ்=ட்ரூ என்று ஒரு ஆப்ஷன் சேர்த்ததுதான். உடனடியாகக் கைகொடுத்தது. ஆனால் சில நாட்களிலேயே அது எல்லாச் சூழலிலும் போதாது என்று தெரிந்து, புதிய பதிப்புக்கு மாறுவதே வழி என்றாயிற்று. ஆப்ஷன் நேரம் வாங்கித் தரும், பிழையைத் திருத்தாது.

போனில் சொல்ல முடிகிறதா?

இது புத்தகத்தில் இருக்காது. நம்ம பக்கம் கர்நாடக, ஆந்திர எல்லை இரண்டும் கிட்டத்தில். யூனிட்டில் அந்த நேரத்தில் இருப்பவர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவராக இருக்கலாம். கம்ப்யூட்டர் பழக்கம் இல்லாதவராகவும் இருக்கலாம். "அண்ணா, கடைசியில ரெண்டு கோடு போட்டு..." என்று நீங்கள் போனில் சொல்ல, அவர் அடிக்க வேண்டும். அதனால் ஆப்ஷன் பெயர் சின்னதாக இருக்கட்டும். --லாக்-லெவல் டீபக் என்பதோடு, -வி என்ற ஒற்றை எழுத்தும் அதே வேலையைச் செய்யட்டும். ஆர்க்பார்ஸில் ஆக்ஷன் என்ற இடத்தில் கவுன்ட் கொடுத்தால் எத்தனை வி என்று எண்ணியும் கொள்ளும்.

கட்டளையை மெசேஜில் அனுப்பினால் கவனம்: சில போன்கள் பக்கத்துப் பக்கத்தில் வரும் இரண்டு சின்னக் கோட்டை ஒரே நீளக் கோடாக மாற்றிவிடும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், டெர்மினல் ஏற்காது. ஒற்றைக் கோட்டு -வி இங்கேயும் காப்பாற்றும்.

நேரத்தையும் மறக்காதீர்கள். நேர மண்டலம் யூடிசியில் இருந்தால் காலை 11 மணிக்கு நடந்தது லாகில் 5.30 என்று நிற்கும். யூனிட்காரர் சொல்லும் நேரத்தோடு பொருத்தவே முடியாது. லாக் வடிவத்தில் +0530 தெரியும்படி வையுங்கள். ராஸ்பெரி பை 4 வரையிலான போர்டுகளில் கடிகாரத்துக்குத் தனி பேட்டரி கிடையாது. கரண்ட் போய் வந்து நெட் கிடைக்கும்வரை நேரம் தப்பாகவே இருக்கும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

நாளைக்கு ஓசூரில் ஏதாவது கம்பெனியில் சேர்ந்தால் இதெல்லாம் விருப்பம் இல்லை, விதி. இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி, நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் லாகை 180 நாள் பாதுகாக்க வேண்டும், கடிகாரங்களை என்ஐசி அல்லது என்பிஎல் நேரச் சர்வரோடு ஒத்துவைக்க வேண்டும், சைபர் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். என்ன நடந்தது என்று ஆறு மணி நேரத்தில் சொல்ல வேண்டுமானால் லாக் ஏற்கனவே ஒழுங்காக இருந்தாக வேண்டும்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ப்ராஜெக்டில் எத்தனை பிரிண்ட் இருக்கிறது என்று தேடி எண்ணுங்கள். ஒவ்வொன்றையும் டீபக், இன்ஃபோ, வார்னிங், எரர் என்று பிரித்து மாற்றுங்கள். --லாக்-லெவல் சேருங்கள். பிறகு கோடிங் தெரியாத மெக்கானிக்கல் நண்பர் ஒருவரை லேப்டாப் முன் உட்காரவைத்து, நீங்கள் பக்கத்து அறையிலிருந்து போனில் மட்டும் சொல்லி, டீபக்கில் ஓட்டி, கடைசி பத்து வரியைப் படிக்கச் சொல்லுங்கள். அவரால் முடிந்தது என்றால் உங்கள் ப்ராஜெக்ட் லேபை விட்டு வெளியே போகலாம்.